தட்டில் வளரும் மரமும் அதன் தாகமும்

‘போன்சாய்’ என்பது ஜப்பானியச் சொல். ‘போன்’ என்றால் ஆழமில்லாத தட்டு. ‘சாய்’ என்றால் நடுதல். தட்டில் நட்ட செடி என்பதே அதன் பொருள். சீன நாட்டில் தோன்றி, ஜப்பானுக்குச் சென்று, அங்கே செழித்த கலை இது. ஆனால் அதைப் பற்றி அறிய நம் பள்ளி மாணவியர் ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. மாதா கெபிக்கு இடப்புறம் மதில் ஓரத்துத் திண்டின்மேல் இருக்கும் கல்லிச்சி மரத்தைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. சென்ற ஆண்டு வரை அதன் பக்கத்தில் ஒரு புளிய மரமும் இருந்தது. ஒன்றரை அடி உயரந்தான். ஆயினும் ஊர்ச்சாவடிப் புளிய மரம் போலவே கிளை பரப்பி நிற்கும். இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது. அது பட்டுப் போனதற்கு நாங்களே காரணம்.

இதை ஆண்டு மலரில் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும் பொதுத் தேர்வு முடிந்து நாங்கள் சென்ற பின் எஞ்சிய மரம் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளின் பொறுப்புக்கு வரப் போகிறது. நாங்கள் செய்த தவற்றை அவர்களும் செய்யக் கூடாதல்லவா? அதற்காகவே எழுதுகிறோம்.

இரண்டு மரங்களையும் வளர்த்தவர் எங்களுக்கு அறிவியல் கற்பித்த சிஸ்டர். ஜூன் மாதம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. “தண்ணீர் ஊற்ற மட்டும் மறந்துவிடாதீர்கள்” என்று சொல்லிச் சென்றார். நாங்கள் மறக்கவே இல்லை. அதுதான் வந்த வினை! தோட்டக் குழுவில் முறைப் பட்டியல் போட்டோம். காலையில் வீட்டிலிருந்து வரும் மாணவியர் ஒரு செம்பு; மாலையில் விடுதி மாணவியர் ஒரு செம்பு. விடுதியினர் ஜெபமாலை முடித்துக் கெபிப் பக்கம் வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். புளிய இலைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து கூம்பிக் கிடக்கும். “ஐயோ பாவம், வாடிவிட்டதே!” என்று மேலும் ஒரு செம்பு ஊற்றுவார்கள்.

புளிய இலை பொழுது சாய்ந்தால் தானே கூம்பும். விடிந்தால் தானே விரியும். சாலையோரத்துப் பெரிய மரமும் அப்படித்தான். அது தூக்கமே தவிர தாகம் அன்று. தொட்டாற்சுருங்கியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்த எங்களில் ஒருத்திக்கும் இது தோன்றவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக் கொண்டது. மழை நாளிலும் முறைப் பட்டியல் நிற்கவில்லை. குடை பிடித்துக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றிய அறிவாளிகளும் எங்களில் உண்டு. இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. தண்ணீர் போதவில்லை போலும் என்று இன்னும் ஊற்றினோம். கார்த்திகை பிறந்து சில நாட்களில் மரம் மொட்டையாகிவிட்டது. தோட்டக்காரத் தாத்தா தட்டைக் கவிழ்த்து மரத்தை எடுத்தார். சாக்கடை வாடை வீசியது. வேர்கள் கறுத்திருந்தன. ஒரு வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் மட்டும் உறைபோலக் கழன்று கையோடு வந்தது; உள்ளே நூல் போன்ற நரம்புதான் மிச்சம்.

தண்ணீரில் நின்ற மரம் தாகத்தால் வாடியது போல் ஏன் தோன்றியது? வேரும் மூச்சு விடுகிறது. உயிர்வளி கிடைத்தால்தான் அது தண்ணீரையும் உப்புக்களையும் உறிஞ்சும் வேலையைச் செய்ய முடியும். மண் துகள்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் காற்று இருக்கும்வரை அதற்குக் குறைவில்லை. அந்த இடுக்குகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால் கதை வேறு. காற்றில் பரவுவதைக் காட்டிலும் நீரில் உயிர்வளி ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேர் மூச்சுத் திணறுகிறது, உறிஞ்சுவதை நிறுத்துகிறது. பிறகு ஈரத்தை விரும்பும் நோய்க் கிருமிகள் அதை அழுக வைக்கின்றன. வேர் வேலை செய்யாதபோது இலைக்குத் தண்ணீர் ஏது? ஆகவே வெள்ளத்தில் மூழ்கிய மரமும் வறட்சியில் வாடிய மரமும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் நாங்கள் பட்ட பாடுதான் படவேண்டும். பார்க்க வேண்டியது மண்ணை.

மரம் செத்த செய்தியைச் சிஸ்டருக்கு எழுதினோம். கோபித்துக் கொள்வார் என்று பயந்தோம். அவர் பதிலில், “மாலையில்தானே ஊற்றினீர்கள்? இலை கூம்பியிருந்ததா?” என்று கேட்டிருந்தார். பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டார்! பிறகு, “என் தவறும் இதில் உண்டு. நான்கு ஆண்டுகளாக அந்தத் தட்டில் நான் மண் மாற்றவில்லை. அழுதுகொண்டிருக்காமல் இச்சியின் வேரைப் பாருங்கள்” என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்துதான் நாங்கள் மண்ணைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம்.

இங்கே இடையில் ஒன்று சொல்ல வேண்டும். போன்சாய் மரத்துக்குத் தண்ணீரும் உணவும் குறைத்துக் கொடுத்துத்தான் அதைக் குள்ளமாக்குகிறார்கள், அது ஒரு சித்திரவதை என்று எங்கள் வகுப்பிலேயே பட்டிமன்றம் நடந்தது. அது உண்மையன்று. கிளையையும் வேரையும் காலம் பார்த்துக் கத்தரிப்பதாலும், வேர் பரவும் இடம் சிறிதாக இருப்பதாலும் மரம் சிறிதாகவே இருக்கிறது. பட்டினி கிடக்கும் மரம் குள்ளமாவதில்லை, செத்துத்தான் போகும்.

இனி மண்ணுக்கு வருவோம். தோட்டத்து மண்ணில் நன்றாக வளரும் செடி, அதே மண்ணைத் தட்டில் இட்டு வைத்தால் ஏன் அழுகுகிறது? இதற்கு விடை ஒரு ஸ்பாஞ்சில் இருக்கிறது. பாத்திரம் துலக்கும் நீளமான ஸ்பாஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முக்கி, படுக்கை வசமாக உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். சிறிது நீர் சொட்டும், பிறகு நின்றுவிடும். இப்போது பிழியாமல், அதை அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் நீர் சொட்டும்! ஸ்பாஞ்சு அதேதான், அதன் உயரம் மட்டுமே மாறியது. நிமிர்த்திய ஸ்பாஞ்சின் மேல்பாகம் காற்றோட்டமாக இருக்கும். அடிப்பாகத்தில் மட்டும் ஈரம் கோத்து நிற்கும்.

இதற்குக் காரணம் நுண்புழை ஏற்றம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே தத்துவந்தான். 1 மி. மீ. உள்விட்டமுள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயில் நீர் ஏறக்குறைய 3 செ. மீ. உயரம் ஏறி நிற்கும். குழாய் அரை மி. மீ. ஆனால் 6 செ. மீ.; கால் மி. மீ. ஆனால் 12 செ. மீ. புழை சிறுக்கச் சிறுக்க நீர் உயர்ந்து நிற்கும். மண்ணின் இடுக்குகளும் இத்தகைய புழைகளே. அடியில் எத்தனை துளை இருந்தாலும், அந்த உயரம்வரை உள்ள நீர் கீழே வடியாது. இடுக்குகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓர் அடி ஆழமுள்ள தொட்டியில் அடியில் ஐந்தாறு செ. மீ. ஈரம் கோத்து நின்றால் பாதகமில்லை. மேலே வேருக்கு இடம் இருக்கிறது. நம் இச்சி மரத்தின் தட்டு ஆழமே 5 செ. மீ. தான்! தோட்டத்துக் களிமண்ணை அதில் நிரப்பினால் தட்டு முழுவதும் சேறுதான். இவ்விஷயம் விளங்கிய அன்றுதான் எங்களுக்குப் புளிய மரத்தின் கதை முழுவதும் விளங்கியது. நாங்கள் அளவோடு ஊற்றியிருந்தாலும், நான்கு ஆண்டில் நொறுங்கிப் பொடியாகிப் போன மண் அதை என்றாவது ஒரு மழைக்காலத்தில் கொன்றிருக்கும்.

அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் வடிந்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். தோட்டக்காரத் தாத்தாவும் அதைத்தான் சொன்னார். அவர் அனுபவசாலி, அவரை மறுத்துப் பேச எங்களுக்குத் தயக்கம். ஆகவே சோதனை செய்து பார்த்தோம். ஒரே அளவுள்ள இரண்டு பழைய பால் மாவு டப்பாக்களை எடுத்து, அடியில் ஆணியால் துளையிட்டோம். ஒன்றில் மேலிருந்து கீழ்வரை சலித்த மண்; மற்றொன்றில் பாதி கூழாங்கல், அதன்மேல் பாதி அதே மண். இரண்டிலும் நீர் ஊற்றி, வடிந்து நின்ற பிறகு மண்ணைக் கிளறிப் பார்த்தோம். முதல் டப்பாவில் அடிமண் மட்டும் சொதசொதவென்று இருந்தது. இரண்டாவதில் கூழாங்கல்லுக்கு நேர் மேலே, டப்பாவின் நடுவிலேயே, அதே சொதசொதப்பு. சிறிய இடுக்குகள் பிடித்துக்கொண்ட நீரைப் பெரிய இடுக்குகளால் இழுக்க முடிவதில்லை. மேலுள்ள மண் நிறைந்து வழிந்தால்தான் கல்லுக்குள் இறங்கும். கல்லைப் பரப்பினால் சேறு ஒழிவதில்லை. மேலே ஏறி வேருக்கு அருகில் வந்து விடுகிறது. துளையை மூட ஒரே ஓர் ஓட்டாஞ்சில்லு, அல்லது ஒரு துண்டு வலை போதும். தாத்தா டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அட, ஆமாம்!” என்று சிரித்தார்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? இடுக்குகள் பெரிதாக இருக்கும்படி மண்ணையே பெரிய துகள்களாக அமைக்க வேண்டும். ஜப்பானியர் இதற்கு ‘அகடாமா’ என்னும் செம்மண் உருண்டைகளைப் பயன்படுத்துகின்றனர். எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான களிமண் அது. தோண்டி எடுத்து, உலர்த்தி, சலித்து, அளவு பிரித்து விற்கிறார்கள். ‘கனுமா’ என்ற ஊரின் பெயரால் வழங்கும் மஞ்சள் நிற நுரைக்கல்லும் உண்டு. இவை நம் நாட்டில் யானை விலை விற்கும். நமக்கு வேண்டிய குணங்கள் மூன்றே: துகள் உருக்குலையாமல் இருக்க வேண்டும், தன்னுள் சிறிது நீரை வைத்துக்கொள்ள வேண்டும், துகள்களுக்கு இடையே காற்று புக வேண்டும். இம்மூன்றும் உள்ள பொருள் நம் ஊர்ச் செங்கல்!

எந்தச் செங்கல்லும் ஆகாது. இடித்த சுவரிலிருந்து எடுத்ததில் சுண்ணாம்பும் சிமெண்டும் ஒட்டியிருக்கும். அது மண்ணைக் காரமாக்கிவிடும். புதுக் கல்லாகவும் நன்றாக வெந்ததாகவும் இருக்க வேண்டும். வேகாத கல்லின் துண்டை இரவு தண்ணீரில் போட்டுக் காலையில் விரலால் நசுக்கினால் குழைந்துவிடும். எங்கள் முதல் கூடைக் கல் அப்படித்தான் குழைந்தது, மறுபடி தேடினோம். சாக்கில் சுற்றிச் சுத்தியலால் உடைத்தோம். உடைக்கும்போதும் சலிக்கும்போதும் மூக்கையும் வாயையும் ஈரத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்குத் தீங்கு.

சலிப்பதுதான் முக்கியம். கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையில் முதலில் சலித்தோம். மேலே நின்ற பெரிய துண்டுகளை மறுபடி உடைத்தோம். கீழே விழுந்ததை ஜன்னலில் அடிக்கும் கொசு வலைக் கம்பியில் சலித்தோம். வலையின் மேல் நிற்பதே நமக்குரியது. கடுகைவிடச் சற்றுப் பெரியது முதல் கொண்டைக்கடலைக்குச் சற்றுச் சிறியது வரை இருக்கும். வலை வழியாக விழும் பொடியை இரக்கமில்லாமல் விலக்கிவிட வேண்டும். அந்தப் பொடிதான் பெரிய துகள்களின் இடுக்குகளில் புகுந்து அடைத்துக்கொள்வது. அதைச் செடி மேடையில் கொட்டிவிட்டோம். எங்களில் சிலருக்கு அத்தனை பாடுபட்டு உடைத்த கல்லில் பாதி பொடியாகப் போனது மிகவும் வருத்தம்.

இரண்டு பங்கு செங்கல் துகள், ஒரு பங்கு கரடுமுரடான மணல், ஒரு பங்கு நன்கு மக்கிய இலை எரு என்று கலந்தோம். மணலையும் இதே போல் சலித்துக் கழுவ வேண்டும். எருவும் மாவாக இருக்கக் கூடாது. இது இச்சி, ஆல், அரசு போன்ற மரங்களுக்கு ஏற்ற கலவை. பாலைவன ரோஜா போன்ற, தண்டில் நீரைச் சேர்த்து வைக்கும் செடிகளுக்கு எருவை இன்னும் குறைக்க வேண்டும்.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் இச்சி மரத்தைத் தட்டிலிருந்து எடுத்தோம். எல்லோருக்கும் நெஞ்சு படபடத்தது. ஒரு பக்கத்து வேர்கள் கறுத்திருந்தன. மற்றவை வெளிர் நிறமாய்த் திடமாக இருந்தன. கறுத்தவற்றைக் கூரிய கத்தரிக்கோலால் வெட்டினோம். பழைய மண்ணை மரக்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுத்தோம். வேர் குறைந்ததற்கு ஏற்ப இலைகளையும் சிறிது குறைத்தோம். தட்டின் துளைகள் வழியாகக் கம்பி கோத்து மரத்தை அசையாமல் கட்டினோம். அசைந்தால் புது வேர் அறுந்துவிடும். துகள்கள் வேர்களுக்கிடையே இறங்கும்படி குச்சியால் குத்திவிட்டு, அடியிலிருந்து வரும் நீர் தெளியும்வரை ஊற்றினோம். பதினைந்து நாள் வேப்ப மர நிழல். பதினெட்டாம் நாள் கிளை நுனியில் கூரான குருத்து ஒன்று தெரிந்தது. அன்று காலை வழிபாட்டுக்கு நாங்கள் தாமதமாகச் சென்றதற்கு அதுவே காரணம். மதர் அறிந்து மன்னித்துவிட்டார்கள்.

தண்ணீர் ஊற்றுவதற்கு வருவோம். நீர் வார்க்கக் கற்க மூன்று ஆண்டு என்று ஜப்பானியர் சொல்வார்களாம். எங்களுக்கு ஓர் ஆண்டுதான் கிடைத்தது. முறைப் பட்டியலில் இப்போது ‘தண்ணீர் ஊற்றும் முறை’ என்று இல்லை. ‘பார்க்கும் முறை’ என்று இருக்கிறது. தென்னை ஈர்க்குச்சி ஒன்றை மண்ணில் ஓர் அங்குலம் செருகி வைத்திருக்கிறோம். அதை உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் ஈரம் தெரியும். குளிர்ந்து கறுத்திருந்தால் தண்ணீர் வேண்டாம். செங்கல் துகளும் பேசும்: நனைந்தால் இரத்தச் சிவப்பு, காய்ந்தால் வெளிர் சிவப்பு. மேலே வெளுத்து, குச்சியில் ஈரம் குறைந்திருந்தால் ஊற்றலாம். முழுவதும் காயும்வரை காத்திருக்கக் கூடாது.

ஊற்றும்போது கஞ்சத்தனம் ஆகாது. செம்பால் ஓரிடத்தில் கொட்டினால் குழி விழும். மெல்லிய கண்ணுள்ள பூவாளியால் தட்டு முழுவதும் மழைபோல் பொழிந்து, அடித் துளைகளில் நீர் வடியும்வரை ஊற்ற வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஒரு முறை. காய்ந்த துகள் முதல் தடவை நீரை உடனே ஏற்பதில்லை. நனைந்த பின்பே நன்றாக உறிஞ்சும். நீர் கீழே இறங்கும்போது பழைய காற்று வெளியேறிப் புதிய காற்று பின்னாலேயே உள்ளே வருகிறது. நாள்தோறும் அரைச் செம்பு தெளிப்பதில் இந்த நன்மை இல்லை. மேல் மண் நனையும், அடிவேர் காயும். தட்டின் கீழே தண்ணீர் தேங்கும் சாசர் வைக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஒரு வேளை மறந்து மண் அடியோடு காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் நீர் ஓரமாக ஓடிவிடும். அப்போது தட்டை அகலமான பேசினில் நீருக்குள் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்து எடுக்க வேண்டும். அடைமழைக் காலத்தில் தட்டின் ஒரு முனைக்கு அடியில் மரக்கட்டை வைத்துச் சாய்த்து வையுங்கள். தட்டைச் சாய்த்தால் மண்ணின் உயரம் கூடுகிறது. அதிக நீர் வடிகிறது. நிமிர்த்திய ஸ்பாஞ்சு நினைவுக்கு வருகிறதல்லவா? நம் கிணற்று நீர் சற்று உப்பு. தட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தால் மழைநீரைப் பிடித்து வைத்துத் தாராளமாக ஊற்றி அலசுங்கள்.

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நீர் நன்றாக வடியும் மண் சீக்கிரம் காயும். சித்திரை, வைகாசியில் காலையும் மாலையும் பார்க்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் ஆபத்து. பழைய களிமண்ணில் இந்தத் தொல்லை இல்லை. மழைக்காலத்தில் கொல்லும் மண்ணா, கோடையில் வேலை வாங்கும் மண்ணா என்று கேட்டால் இரண்டாவதே மேல் என்போம்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் தேசிய மரத் தோட்டத்தில் ஜப்பானிய வெள்ளைப் பைன் மரம் ஒன்று இருக்கிறது. 1625-ஆம் ஆண்டு முதல் தட்டில் வளர்ந்து வருவது. ஹிரோஷிமாவில் யமாகி என்ற குடும்பத்தாரிடம் இருந்தது. 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் அணுகுண்டு விழுந்தபோது, சுமார் 3 கி. மீ. தொலைவில், ஒரு மதிலின் மறைவில் நின்றதால் பிழைத்தது. 1976-இல் ஜப்பான் மக்கள் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக அளித்த 53 போன்சாய் மரங்களில் அதுவும் ஒன்று. குண்டுக்குத் தப்பிய மரம் அது என்ற செய்தியே, 2001-இல் அக்குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் பார்க்க வந்தபோதுதான் அங்கே தெரிய வந்தது. எங்களுக்கு வியப்பளிப்பது குண்டு மட்டும் அன்று. ஆழமில்லாத தட்டில் இருக்கும் மரம் சில நாள் நீரின்றி இருந்தால் போதும், முடிந்துவிடும். அந்தக் குண்டு விழுந்த வாரத்திலும் யாரோ அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்கு: சல்லடை இரண்டும் பூவாளியும் தோட்டக் கொட்டகையில் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. சலித்த செங்கல் துகள் அரை மூட்டை மீதம் உள்ளது. வாய் கட்டி வைத்திருக்கிறோம். அடுத்த மண் மாற்றம் இரண்டு ஆண்டு கழித்துத் தையில். கோடை விடுமுறையில் விடுதிச் சமையல்கார அக்கா பார்த்துக்கொள்வார்கள். ஈர்க்குச்சி பார்க்க அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று. குச்சி அழுக்காக இருக்கிறதென்று பெருக்கும்போது யாரும் எறிந்துவிட வேண்டாம். புளிய மரம் இருந்த தட்டையும் கழுவிக் காயவைத்துத் திண்டின் கீழே கவிழ்த்திருக்கிறோம். சிஸ்டர் புதுக் கன்று ஒன்று அனுப்புவதாக எழுதியிருக்கிறார். அது எந்தக் கன்று என்று சொல்லவில்லை. புளியாக இருந்தால், மாலையில் அது கூம்பும்.